17 படி: ஹட்டனில் அம்மாவோடும் பிள்ளைகளோடும் சாப்பிடப் போன ஆறரை வருஷம்

கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த தோழி போன வாரம் கேட்டாள்: "ஹட்டன்ல குடும்பத்தோட உக்காந்து சாப்பிட நல்ல கட எது? மாமியும் வருவாங்க. சின்னவனுக்கு ஒறப்பு ஆகாது." மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடையைச் சொல்லியிருப்பேன். இப்போது வாய் வரவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆறரை வருஷம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்குவமாகப் பரிமாறிய கடை அது.

நாங்கள் இருப்பது ஹட்டனுக்குப் பக்கத்து ஊரான கொட்டகலைப் பக்கம். 2019 தைப்பொங்கலுக்குத் துணி எடுக்க வந்த அன்றுதான் முதல்முதலாக அந்தச் சைவக் கடைக்குள் போனோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. அதற்குப் பிறகு சம்பளம் வந்த முதல் ஞாயிறு என்றால் அங்கேதான். கொரோனாவில் கடைகள் பூட்டிக் கிடந்த மாதங்களைத் தவிர வழக்கம் விட்டதில்லை. மகன் பிறந்து, அவன் முதல்முறையாக வெளியில் சாப்பிட்ட இட்டலியும் அந்தக் கடை இட்டலிதான்.

முதலில் தோசையைச் சொல்ல வேண்டும். மலையில் மாவு புளிக்க வைப்பது எவ்வளவு பாடு என்று இங்கே அடுப்படியில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். மார்கழி, தையில் ராத்திரி அரைத்து வைத்த மாவு விடிந்து பார்த்தால் வைத்தபடியே இருக்கும். நான் கம்பளிச் சால்வை சுற்றி வைத்திருக்கிறேன், சுடுதண்ணிச் சட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். அப்படியும் பாதி நாள் தோசை வரட்டி மாதிரி வரும். அந்தக் கடையில் மாவுப் பானையை அடுப்புக்குப் பின்சுவரோடு ஒட்டி வைக்கிறார்கள். கல் ஆறினாலும் சுவர் ஆறாதாம், மாஸ்டர் சொன்னார். எந்தக் குளிரிலும் அங்கே தோசைக்கு அளவான புளிப்பு இருக்கும். ஓரம் மொறுமொறு, நடு மெத்து. ஆறரை வருஷத்தில் இரண்டு தடவைதான் தோசை சரியில்லை என்று எழுந்திருக்கிறேன்.

தேங்காய்ப்பால் சொதியைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறி, ஒரு காய் 200 ரூபாவைத் தொட்ட நாட்களில் டவுனில் பல கடைகளில் சொதி மஞ்சள் தண்ணியாகிவிட்டது. இங்கே கெட்டிப்பால் குறையவில்லை. பிள்ளைகளுக்கென்று பச்சை மிளகாய் போடாத சொதியைத் தனியாக ஒரு சின்னச் சட்டியில் எடுத்து வைப்பார்கள். நாம் கேட்கத் தேவையில்லை. பிள்ளையைக் கண்டதும் பரிமாறுகிற தம்பி உள்ளே பார்த்து "வெள்ளச் சொதி ஒண்ணு" என்று குரல் கொடுப்பான்.

வடைத் தட்டு விஷயமும் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் உட்கார்ந்த உடனே தட்டு நிறைய வடை, ரோல்ஸ், கட்லட் கொண்டு வந்து மேசையில் வைத்துவிடுவார்கள். எடுத்ததை எண்ணிக் காசு கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது வசதி. ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காருவது பெரும் தண்டனை. ஒவ்வொன்றையும் தொடுவான், ஒன்றைக் கடித்துத் திருப்பி வைப்பான், அடுத்தவருக்குப் போக வேண்டிய தட்டு அது. இந்தக் கடையில் கேட்டுத்தான் வைப்பார்கள். பிள்ளைக்கு ஒரு உளுந்து வடை, சின்னப் பீங்கானில் தனியாக வரும். இந்த ஒன்றுக்காகவே பல தாய்மார் அங்கே போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சுடுதண்ணி. கை கழுவுகிற இடத்தில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கேத்தல் இருக்கும். மழைக் குளிரில் பைப் தண்ணியில் கை வைத்தால் விரல் விறைத்துவிடும். பிள்ளைகள் கழுவாமலே ஓடிவந்துவிடுவார்கள். வயசானவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அம்மா நாற்பது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். விரல் முட்டியெல்லாம் தடித்துப் போயிருக்கிறது. அந்தக் கேத்தல் தண்ணியைக் கையில் ஊற்றிக்கொண்டு, சாப்பாடு வருவதற்கு முன்னாலேயே "நல்ல கட" என்று சொல்லிவிடுவார்.

2022-ல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது; அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பல கடைகள் பூட்டின. இவர்கள் பின்பக்கம் விறகடுப்பு மூட்டி, பட்டியலைப் பாதியாகக் குறைத்து, காலையும் பகலும் மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். புகை மண்டிய கடையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாப்பிட்டோம். விலை ஏறியதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை நாலு பேர் சாப்பிட்ட பில் 800 ரூபாவுக்குள் முடிந்தது. இன்றைக்கு ஐந்து பேருக்கு 2,700 வருகிறது. 2024-ல் அறிவித்த தோட்ட நாள் சம்பளம் 1,350 ரூபா. அப்படிப் பார்த்தால் எங்கள் ஒரு வேளைச் சாப்பாடு இரண்டு நாள் கொழுந்து. அம்மா இந்தக் கணக்கைப் போடாத ஞாயிறு கிடையாது. கடைக்காரருக்கும் அரிசி, உளுந்து, கரண்ட் எல்லாம் ஏறித்தான் இருக்கிறது.

இவ்வளவையும் மனதறிந்துதான் எழுதியிருக்கிறேன். இனிப் படிக்கு வருகிறேன்.

ஹட்டன் டவுன் சரிவில் கட்டிய ஊர். மெயின் வீதிக் கடைகளுக்கு முகப்பு குறுகல், உள்ளே நீளம். தெருவோடு ஒட்டிய தளத்தில் ஒவ்வொரு அடியும் வியாபாரத்துக்கு வேண்டும். அதனால் 'ஃபேமிலி ரூம்' என்று போர்டு போட்டதெல்லாம் மாடியில்தான் இருக்கும். தனியாக வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போகிற ஆம்பளை கீழே உட்காருகிறார். கைக்குழந்தைக்காரியும் முட்டி வலிக்காரியும் மேலே ஏற வேண்டும். எந்தக் கடைக்குப் போனாலும் இதுதான் ஒழுங்கு. யார் வைத்தது, ஏன் வைத்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எங்கள் கடையிலும் மேலேதான் ஃபேமிலி ரூம். 17 படி. அதில் மூன்று படி மற்றதை விட உயரம். கைப்பிடி ஒரு பக்கம்தான். ஆனால் கீழே, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், சுவரோரமாக நாலு நாற்காலியோடு ஒரே ஒரு மேசை இருந்தது. அதுதான் அம்மாவின் மேசை. ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனால் அந்தத் தம்பி அங்கே யாரையும் உட்காரவிடாமல் வைத்திருப்பான். நாலு நாற்காலியில் ஐந்து பேர் நெருக்கி உட்காருவோம், மகன் என் மடியில். அந்த ஒரு மேசை இருந்ததால்தான் நாங்கள் குடும்பமாகப் போனோம். அது இருக்கும்வரை எனக்கு அது புரியவில்லை.

2025 வெசாக் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை சீசன் முடிந்தது. மார்கழியிலிருந்து மலைக்குப் போகிற சனத்தில் பெரும்பகுதி ஹட்டன் வழியாகத்தான் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும், அதனால் கடைக்காரர்கள் திருத்த வேலையை சீசனுக்குப் பிறகுதான் வைப்பார்கள். மூன்று வாரம் பூட்டித் திறந்தார்கள். போய்ப் பார்த்தால் கண் கூசுகிற வெளிச்சம், புதுப் போர்டு. அம்மாவின் மேசை இருந்த இடத்தில் கண்ணாடி அலுமாரி. உள்ளே கேக், பேஸ்ட்ரி. மாடிப்படிக்குப் பழைய சீமெந்தை மறைத்து மினுமினுக்கிற டைல் ஒட்டியிருக்கிறார்கள். படி 17-தான். உயரமான மூன்றும் அப்படியே. கைப்பிடி மட்டும் ஸ்டீலாகியிருக்கிறது, அதுவும் பழையபடி ஒரே பக்கம்.

அன்றைக்கு நல்ல மழை. வந்தவர்கள் செருப்பிலிருந்து படியெல்லாம் ஈரம். அம்மா கேக் அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, "நீங்க மேல போயி சாப்பிட்டு வாங்க. நா இப்பிடியே நிக்கிறேன்" என்றார். எப்படி விட்டுவிட்டுப் போவது? நானும் வீட்டுக்காரரும் பிடித்துப் பிடித்து ஏற்றினோம். முட்டி வலிக்காரர்களுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம் என்பதை இறங்கும்போதுதான் நினைத்தேன். அம்மா நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார். மேலே தட்டோடு ஒரு பையன், கீழே ஏறக் காத்திருக்கிற ஒரு குடும்பம். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வழுக்குப் பாறையில் இறங்கி வந்த மனுஷி. மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி இறங்கி என்னைப் படிக்கவைத்தவர். அவர் ஒரு சாப்பாட்டுக் கடைப் படியில் அப்படி இறங்கியதை நினைத்தால் என் மனசு இன்னும் ஆறவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கத்தவில்லை. அவர் கேட்டுக்கொண்டார், பிறகு சொன்னார்: "தங்கச்சி, கேக் அலுமாரி இருக்கிற எடத்துலதான் கரண்ட் பில்லுக்குக் காசு வருது. அடுத்த தடவ வந்தா சொல்லுங்க, நம்ம பயலுக ரெண்டு பேரு அம்மாவத் தூக்கிட்டுப் போயிருவானுக." அவர் மனதில் வஞ்சம் இல்லை, எனக்குத் தெரியும். 2022-ல் புகைக்குள் நின்று கடை நடத்தியவர். ஆனால் ஒரு தோசை தின்பதற்காக அம்மாவை மூட்டை மாதிரி தூக்கிப் போக நான் சம்மதிக்க மாட்டேன். அம்மாவும் சம்மதிக்க மாட்டார்.

இதற்கு நாட்டில் சட்டமே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் 2006-ல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள், பொதுமக்கள் வந்து போகிற கட்டடங்களில் சரிவுப் பாதை, கைப்பிடி, கழிப்பறை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போய், 2011 ஏப்ரலில் உத்தரவும் வாங்கினார். டைல் ஒட்டச் செலவழித்த காசில் அந்த மூன்று படியைச் சமப்படுத்தி, மற்றப் பக்கமும் ஒரு கைப்பிடி போட்டிருக்கலாம். அதுகூட வேண்டாம். கீழே ஒரு மேசையை விட்டு வைத்திருந்தால் போதும்.

தோழிக்காக மற்றக் கடைகளையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரிக் கொத்துக் கடைகளில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தகரத்தில் கத்தி அடிக்கிற தாளத்துக்கு என் மகன் ஆடுவான். உறைப்பைக் குறைக்கச் சொன்னால் "சரி" என்பார்கள், குறையாது. பெரிய டிஷ் ஃப்ரைட் ரைஸ் போடுகிற இடங்களில் ஒரு டிஷ் மூன்று பேருக்குத் தாராளமாகக் காணும், ஆனால் அங்கேயும் மாடிதான். நுவரெலியாவுக்குப் போவதென்றால் ஏப்ரல் வசந்த காலத்தில் போகாதே, நடக்க இடமிருக்காது. வேறு மாதத்தில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் கிரகரி வாவிப் பக்கம் உட்காரலாம், மாமிக்கும் சமதரை. டிக்கோயாப் பாதையில் ஒரு சின்ன டீக்கடை இருக்கிறது. பராட்டா சுமார், பருப்புக் கறி சுமாருக்கும் கீழே, சுடுதண்ணி கிடையாது. வாசலில் ஒரே படி. மூன்று ஞாயிறாக நாங்கள் அங்கேதான் போனோம்.

ஆக, தோசைக்கும் சொதிக்கும் பிள்ளைகளைக் கவனிக்கிற விதத்துக்கும் ஹட்டனில் அந்தக் கடையை மிஞ்ச ஆளில்லை. மாமியைக் கூட்டிக்கொண்டு அங்கே போகாதே. டிக்கோயாப் பாதைக் கடைக்குப் போ. கீழே ஒரு மேசை வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே நான் போன் எடுத்துச் சொல்கிறேன்.

போன ஞாயிறு மகன் அழுது அடம்பிடித்ததால் அந்தக் கடையிலேயே பார்சல் கட்டினோம். அந்தத் தம்பி கேட்காமலே வெள்ளைச் சொதியைத் தனிப் பையில் கட்டித் தந்தான், "ஆச்சி வரலியா?" என்று வெளியே எட்டிப் பார்த்தான். ரயில் நிலையத்துப் பக்கம் த்ரீவீலை நிறுத்தி, மழைக்குத் திரையை இறக்கிவிட்டு, மடியில் பிரித்து வைத்துச் சாப்பிட்டோம். கை கழுவப் போத்தல் தண்ணிதான் இருந்தது. அம்மா விரலை மடக்கி மடக்கி நிமிர்த்திக்கொண்டு, ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "சொதி அப்பிடியேதான் இருக்கு" என்றார்.