கழற்றி மாட்டும் மகசின்: பல மான் பருவங்களுக்குப் பிறகு

முதல் வேட்டைத் துவக்கு வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர், போல்ட் என்ற உருளையைக் கையால் இழுத்துத் தள்ளி ரவை ஏற்றும் போல்ட் ரைஃபிளில், ரவைகள் அடுக்கும் பெட்டியான மகசின் கழற்றி மாட்டுவதாக இருப்பது நல்லதா, உள்ளேயே பொருத்தப்பட்டதாக இருப்பது நல்லதா என்று கேட்டிருந்தார். என்னிடம் இரண்டு வகையும் உண்டு. இரண்டும் .308 ரவை போடுபவை, கனடாவின் ஒன்ராறியோவில் நவம்பர் மான் பருவங்களில் இரண்டையும் மாறி மாறிக் காட்டுக்குள் கொண்டு போயிருக்கிறேன். கழற்றும் வகைக்கு அண்மையில்தான் புது மகசின் வாங்க வேண்டி வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. துவக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனெனில் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை.

குறை இதுதான். போல்ட்டை மூடிவிட்டு, நிறைந்த மகசினைக் கீழிருந்து ஏற்றும்போது, மேலே இருக்கும் ரவை போல்ட்டின் அடிப்பக்கத்தில் முட்டுகிறது. ஸ்பிரிங் இன்னும் சிறிது அமுங்கினால்தான் மகசினைப் பிடித்து நிறுத்தும் கொளுவி தன் இடத்தில் விழும். மேசையில் வைத்து வெறுங்கையால் செய்தால் இது ஒரு விடயமே அல்ல. ஆனால் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்புவரை துவக்கில் ரவை இருக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி என்பதால், ரவை ஏற்றும் வேலை எப்போதும் அரையிருட்டில், தடித்த கையுறையோடு, குளிரில்தான் நடக்கிறது. ‘டிக்’ என்று சத்தம் கேட்கும்; கொளுவியோ பாதிதான் பிடித்திருக்கும். துவக்குத் திருத்துபவர் என் பழைய மகசினை விளக்கடியில் பிடித்துக் காட்டினார்: பிளாஸ்டிக் உடலில் கொளுவி பிடிக்க இருந்த சின்னஞ்சிறு பல்லின் விளிம்பு மழுங்கி, நகத்தை வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. ரைஃபிளை ஒரு கையில் தூக்கி நடக்கும்போது அதன் எடை சமமாக நிற்கும் இடமும், மகசின் துருத்தி நிற்கும் இடமும் ஒன்றே என்பதால், ஒவ்வொரு அடியிலும் கை அந்தப் பகுதியைத்தான் உரசுகிறது. பனி மூடிய சருகுக்குள் மகசின் விழுந்துவிட்டால், கையில் மிஞ்சுவது ஒரே ஒரு ரவையுள்ள துவக்குத்தான். புதிய மகசினுக்கு நான் கொடுத்த பணத்துக்கு, இருபது ரவைகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி மிச்சமும் பிடித்திருக்கலாம்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். கனடாவில் துவக்கை வாகனத்தில் ஏற்றும்போது, சேம்பரிலும், அதாவது ரவை வெடிக்கும் அறையிலும், ரவை இருக்கக் கூடாது, துவக்கோடு பொருத்தியிருக்கும் மகசினிலும் இருக்கக் கூடாது. கழற்றும் வகையில் மகசினை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, போல்ட்டைத் திறந்து, சேம்பரில் உள்ளதை வெளியே எடுத்தால் வேலை முடிந்தது. பொருத்திய வகையிலும் ரெமிங்டன் 700 ஏடிஎல் போல அடியில் திறக்கும் தட்டே இல்லாத ஒன்றாக இருந்தால், எல்லா ரவைகளையும் போல்ட்டால் ஒவ்வொன்றாக முன்னே தள்ளி வெளியேற்ற வேண்டும். மௌசர் 98, 1936இல் வந்த வின்செஸ்டர் 70 போன்றவற்றில், ரவை மேலெழும்பும்போதே போல்ட்டில் உள்ள கொக்கியான இழுப்பான் அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்வதால், போல்ட்டின் கைபிடியைக் கீழே மடக்காமலே வெளியே எடுத்துவிடலாம். கீல் வைத்த அடித்தட்டு இருந்தால் அதுவும் தேவையில்லை. தட்டைத் திறந்ததும் ரவைகள் உள்ளங்கையில் கொட்டும், விறைத்த விரல்களானால் ஒன்றிரண்டு பனியில் விழும். வேட்டை முகாமில் புதியவர்கள் இருக்கும்போது, கழற்றும் மகசின் தரும் பாதுகாப்புக்கு ஈடாக வேறெதையும் நான் வைக்க மாட்டேன்.

என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது அது கழல்வது அல்ல. பல துவக்குகளில் போல்ட்டைத் திறந்து மேலிருந்து ரவை போட முடியாமல் இருப்பதுதான். ஒற்றை வரிசை மகசினின் வாய் விளிம்புகள் ரவையை இறுக்கிப் பிடிப்பதால், அதை முன்பக்கமாகச் செருகித்தான் ஏற்ற வேண்டும். ஒரு வெடி வைத்து, விழுந்த மான் மீண்டும் எழும்புமா என்று பார்த்து நிற்கும் நேரத்தில், குறைந்த ஒரு ரவையை நிரப்புவதற்காக மகசினையே கழற்றி எடுக்கச் சொல்லும் அமைப்பை எப்படி ஏற்றுக்கொள்வது? இந்தச் சிக்கலுக்குத் தீர்வு புதிதும் அல்ல. கனடாவின் தொலைதூரப் பகுதிகளில் பணிபுரியும் படைப்பிரிவான கனேடிய ரேஞ்சர்கள் பல பத்தாண்டுகளாகச் சுமந்த லீ என்ஃபீல்ட் ரைஃபிளில் பத்து ரவைகள் கொள்ளும் மகசின் கழலும்தான், ஆனால் துப்புரவு செய்யும்போது தவிர அதை எவரும் கழற்றியதில்லை. ஐந்தைந்து ரவைகளாக மேலிருந்தே ஏற்றினார்கள். பின்னாளில் வந்த சாக்கோ 85 ரைஃபிளிலும் மேலிருந்து நிரப்பலாம். அதோடு, மகசினைச் சற்று மேலே அழுத்திக்கொண்டு கொளுவியை அமுக்கினால்தான் அது கழலும் என்பதால், தற்செயலாகக் கை பட்டு விழுவதற்கு வழியில்லை. விலைதான் அதிகம்.

பொருத்திய மகசின் உள்ள என் மற்ற ரைஃபிளில் அடிப்பக்கம் சமமாக இருக்கும். கை அங்கே தானாகப் போய் உட்காரும். கட்டைவிரலால் அழுத்த அழுத்த, ரவைகள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகப் போய்ப் படியும். கடைசி ரவை மட்டும் சற்று முரண்டு பிடித்து இறங்கும். இருட்டிலும் விரலே எண்ணிச் சொல்லிவிடும். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருவதற்கும் காட்டில் தவறவிடுவதற்கும் அதில் எதுவும் இல்லை.

மேலே எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் புதியவருக்குக் கழற்றும் வகையையே நான் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் நண்பரே, கீல் அடித்தட்டோடு பொருத்திய மகசின் உள்ளதையே வாங்குங்கள். மழுங்கிய அந்தப் பல்லைப் பார்த்த பிறகு, வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையில் கழற்றும் வகை மட்டுமே இருந்தால், போலி ரவைகளை மகசின் நிறையப் போடச் சொல்லி, போல்ட்டை மூடி, குளிர்காலக் கையுறையோடு நீங்களே மாட்டிப் பாருங்கள். மாட்டியபின் கீழே பிடித்து இழுங்கள். பிறகு ஒரு ரவையை மேலிருந்து போட முயலுங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தத் துவக்கை மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.