சுற்றறிக்கை வாக்கியங்கள்: கலந்து முடிப்பதா, ஒன்றுபோல் முடிப்பதா?

சிங்கப்பூரின் தேக்கா வட்டார மளிகைக் கடை ஒன்றின் ஊழியர்களுக்கு இப்படி ஒரு சுற்றறிக்கை போவதாக வைத்துக்கொள்வோம்: “சரக்கு வந்ததும் பெட்டிகளை எண்ணவும், இன்வாய்ஸுடன் சரிபார்த்தல், குறை இருந்தால் மேலாளரிடம் தெரிவிக்கப்பட வேண்டும்.” மூன்றும் புரியக்கூடியவைதாம். ஆனால் முதலாவது ஏவுகிறது, இரண்டாவது வேலையின் பெயரோடு நின்றுவிடுகிறது, மூன்றாவதோ யார் தெரிவிப்பது என்பதையே சொல்லாமல் விடுகிறது. பெட்டி குறைந்த நாளில் பொறுப்பு யாருடையது என்ற வாக்குவாதம் இந்த மூன்றாவது வரியில்தான் முளைக்கும்.

“எண்ணவும், சரிபார்க்கவும், தெரிவிக்கவும்” என்று ஒரே வாய்பாட்டில் முடித்தால், வாசிப்பவர் அடுத்த வரி எப்படி முடியும் என்று முன்கூட்டியே அறிந்து, செய்யவேண்டிய செயலை மட்டும் கவனிப்பார். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்த ஒழுங்கின் பயன் இன்னும் கூடுகிறது. “எண்ணுதல், சரிபார்த்தல், தெரிவித்தல்” என்பதும் சீரானதே. ஆயினும் அதில் செய்பவர் காணாமல் போகிறார். திட்ட அறிக்கையின் தலைப்புகளுக்கு அது பொருந்தும், வேலைக் கட்டளைக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

பெயர்ச்சொற்களே போதுமான இடமும் உண்டு. மனிதவள அமைச்சின் விதிப்படி 2016 ஏப்ரல் முதல் முதலாளிகள் எழுத்து வடிவில் தரவேண்டிய முக்கிய வேலை நிபந்தனைகளில், பதவி, வேலை தொடங்கும் தேதி, அடிப்படைச் சம்பளம் என்று வரிசை செல்லும்போது, இடையில் “கூடுதல் நேரம் உழைத்தால் பணம் தரப்படும்” என்று எழுதுவதைவிட “மிகைநேரச் சம்பள விகிதம்” என்று எழுதுவதே தெளிவு.

இருப்பினும், எல்லாவற்றையும் வரிசைக்குள் அடக்க முயல்வது தவறு. 2024 ஜனவரி 1 அன்று பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடானபோது வாடிக்கையாளர்களுக்கு எழுதவேண்டியிருந்த கடிதம் இதற்குச் சான்று: விலை ஏன் மாறுகிறது, அதற்கு முன்பே முழுத் தொகை செலுத்தியவருக்கு ஏன் மாறாது என்பன காரணத்தால் பிணைந்தவை. அவற்றைத் தனித்தனி வரிகளாக வெட்டினால் “ஏனெனில்”, “ஆகவே” என்னும் இணைப்புகள் அறுந்து, வாசகர் தாமே காரணத்தைத் தேட நேரும். அங்கே ஒரு முழுப் பத்தியே வரிசையைவிட நேர்மையாகப் பேசும்.