ஹிட்டாச்சி சூடானால் இழுக்கவில்லையா? "பம்ப் போயிடுச்சு" என்றவுடன் கழற்ற விடாதீர்கள்

20 டன் எக்ஸ்கவேட்டர் (ஊரில் பொதுவாக "ஹிட்டாச்சி" என்று சொல்லும் மண் தோண்டும் மெஷின்) ஒன்றுக்கு மெயின் பம்ப் ஓவர்ஹால் செய்ததாகச் சொல்லி ஒரு ஹைட்ராலிக் பட்டறை 3,60,000 ரூபாய் வாங்கியது. அந்தப் பம்ப் ஓடியது 94 மணி நேரம். பிறகு ஜாம் ஆகி, பித்தளைத் தூள் கண்ட்ரோல் வால்வு (ஆயிலைப் பிரித்து அனுப்புவது), ஸ்விங் மோட்டார் (மேல்பாகத்தைச் சுழற்றுவது), டிராவல் மோட்டார் (டிராக்கை ஓட்டுவது) என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு இடத்தில் முழுவதும் பிரித்துப் பார்த்தபோதுதான், முதலில் அந்தப் பம்ப்பைக் கழற்றியிருக்கவே வேண்டியதில்லை என்பது தெரிந்தது. அந்த மெஷினுக்குள் என்னென்ன கிடைத்தது, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எப்படிப் பிடிப்பது என்று இங்கே எழுதுகிறோம். ஒரே ஒரு மெஷினைக் கடனில் ஓட்டுபவர் இந்த வலையில் விழுந்தால் எழுந்திருப்பது கடினம்.

முதலில் இருந்த கோளாறு இதுதான். காலையில் மெஷின் நன்றாக வேலை செய்யும். வெயில் ஏறி ஆயில் சூடானதும் பூமும் (மெயின் கை) ஆர்மும் (பக்கெட் பக்கத்துக் கை) சேர்ந்து இயங்கும்போது மந்தமாகும். டிராக்கில் நேராக ஓட்டினால் இடது பக்கம் இழுக்கும். பட்டறையிலிருந்து வந்தவர் பம்ப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தார், சத்தம் கேட்டார், "ரெண்டு பம்ப்பும் போயிடுச்சு" என்றார். பிரஷர் கேஜ் ஒன்றுகூட மாட்டவில்லை.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஹைட்ராலிக்கில் வேகம் வேறு, பலம் வேறு. வேகம் என்பது பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. பலம் என்பது பிரஷர். மெதுவாக ஆனாலும் மண்ணைப் பிய்த்து எடுத்தால் பிரஷர் இருக்கிறது, ஆயில் ஓட்டம்தான் குறைகிறது என்று பொருள். வேகமாக வந்து மண்ணில் முட்டியதும் நின்றுவிட்டால் ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆயிலை வெளியே விடும் வால்வு) பக்கம் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கேட்காமலே பம்ப்பைக் குறை சொல்பவர் மெஷினைப் பார்க்கவில்லை, உங்கள் பையைப் பார்க்கிறார்.

இடது பக்கம் இழுப்பதும் முக்கியமான தடயம். மெஷினில் இரண்டு மெயின் பம்ப் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டிராக்கை ஓட்டுகிறது. இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் மெஷின் மெதுவாகப் போகும், ஆனால் நேராகப் போகும். ஒரு பக்கம் இழுத்தால், பம்ப்பிலிருந்து கண்ட்ரோல் வால்வுக்குப் போகும் இரண்டு டெலிவரி ஹோஸையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். இழுப்பு வலது பக்கம் மாறினால் கோளாறு பம்ப்பில் அல்லது அதன் ரெகுலேட்டரில் (பம்ப் தள்ளும் அளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம்). மாறாமல் இடது பக்கமே இழுத்தால் பம்ப் நல்லது. கோளாறு கண்ட்ரோல் வால்வு, சென்டர் ஜாயின்ட் (சுழலும் மேல்பாகத்திலிருந்து டிராக்குக்கு ஆயில் கடத்தும் இணைப்பு), டிராவல் மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்றில். ஹோஸ் நீளம் எட்டும் மெஷினில் இது ஓரிரு மணி நேர வேலை. லட்சக்கணக்கில் செலவு சொல்லும் முன் இந்த ஓரிரு மணி நேரத்தைச் செலவழிக்க மறுக்கும் மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஹோஸில் ஸ்பேனர் வைக்கும் முன் செய்ய வேண்டியவை: சமதளத்தில் நிறுத்தி பக்கெட்டைத் தரையில் ஊன்றி, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, லாக் லீவரை விடுவித்து, இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் டிராவல் லீவர்களையும் எல்லாத் திசையிலும் பத்துப் பதினைந்து முறை ஆட்ட வேண்டும். பிறகு லாக் லீவரைப் போட்டு, ஹைட்ராலிக் டேங்க்கின் மேலுள்ள பட்டனை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆயில் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊசித்துளை போன்ற கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. 300 கேஜிக்கு (சதுர செ.மீ.க்கு 300 கிலோ பிரஷர்) மேல் வரும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் கொசு கடித்தது போலத்தான் தெரியும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டு ஒன்றை நீட்டித் தேடுங்கள். ஆயில் பாய்ந்துவிட்டால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல், "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போய்விட்டது" என்று சொல்லி நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த மெஷினின் உண்மையான கோளாறு இரண்டு. ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் நடுவே கம்பளி போல் தூசி அடைத்திருந்தது. அதனால் ஆயில் 95 டிகிரியைத் தொட்டு, தண்ணீர் போல் இளகி, எல்லா இடத்திலும் உள்ளுக்குள்ளேயே கசிந்தது. சென்டர் ஜாயின்ட் சீல் தேய்ந்து இடது டிராவல் ஆயில் டிரெயினுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூலரைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, சீல் கிட் மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். கோடையில் ஏரி தூர் வாரும் மண் வேலையில் கூலரைத் தினமும் பாருங்கள். காற்றை ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி இன்னும் இறுகும்.

பட்டறையிலிருந்து திரும்பி வந்தபோது மெஷின் அபாரமாக இழுத்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இழுத்ததற்கு இரண்டு காரணம், இரண்டும் மோசடி.

ஒன்று, தடித்த ஆயில். மேனுவலில் இருப்பது விஜி 68 கிரேடு (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்). அதன் பாகுநிலை 40 டிகிரியில் 61.2 முதல் 74.8 சென்டிஸ்டோக்ஸ் வரைதான் இருக்கலாம். ஊற்றியிருந்த ஆயிலை லேபில் கொடுத்துப் பார்த்தால் 98 காட்டியது. தடித்த ஆயில் தேய்ந்த இடைவெளிகளில் கொஞ்சம் குறைவாகக் கசியும், அதனால் சில நாள் மெஷின் புதிது போல் இருக்கும். ஆனால் காலைக் குளிரில் பம்ப்பால் அதைச் சரியாக உறிஞ்ச முடியாது. உள்ளே வெற்றிடக் குமிழ்கள் உண்டாகி வெடித்து, வால்வு பிளேட்டை (பம்ப்புக்குள் ஆயில் போய்வரும் துளைகள் உள்ள தகடு) அரித்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கூழாங்கல் உருட்டுவது போலச் சத்தம் வந்தால் அதுதான்.

இரண்டாவது இதைவிட ஆபத்தானது. மெயின் ரிலீஃப் வால்வை முறுக்கி வைத்திருந்தார்கள். இந்த மெஷினுக்கு மெயின் ரிலீஃப் 350 கேஜி, மேனுவல் கணக்கில் 34.3 எம்பிஏ. கேஜ் மாட்டிப் பார்த்தபோது 400 காட்டியது. சில மெஷின்களில் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினாலே 50 கேஜிக்கு மேல் ஏறிவிடும். ஒரு ஆலன் கீயும் ஒரு ஸ்பேனரும் போதும், ஐந்து நிமிடம். சிலிண்டர் லைன்களில் இருக்கும் போர்ட் ரிலீஃப் 380-ல் திறக்க வேண்டியது. மெயின் அதைத் தாண்டிவிட்டால், சிலிண்டர் முழு நீளத்துக்குப் போய் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஆயில் போர்ட் ரிலீஃப் வழியாகப் பீறிட்டு வெறும் சூடாக மாறும். ஏற்கெனவே கூலர் அடைத்த மெஷின். ஹோஸ், பைப், பூம் வெல்டிங், சிலிண்டர் கண் எல்லாமே 350-ஐ மனதில் வைத்துச் செய்தவை. பூமைத் தூக்கி வைத்திருக்கும்போது ஹோஸ் வெடித்தால், கீழே குழாய் இறக்கிக்கொண்டிருக்கும் ஆளின் தலைமேல் பூம் வரும். எல்லா மெஷினிலும் பூம் ஹோல்டிங் வால்வு அதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. காசுக்காக ஓர் ஆளின் உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது. ஏமாற்று என்ற சொல் இதற்குப் போதாது.

ஆகவே டெலிவரி எடுக்கும்போது கேஜ் இல்லாமல் எடுக்காதீர்கள். பம்ப் டெலிவரி போர்ட்டில் 600 கேஜி கேஜ், பைலட் லைனில் (லீவரிலிருந்து கண்ட்ரோல் வால்வை இயக்கும் குறைந்த பிரஷர் லைன்) 100 கேஜி கேஜ். ஆயில் 50 டிகிரிக்கு வரும்வரை மெஷினை ஓட்டி, எஞ்சின் முழு ஆர்பிஎம்மில் ஆர்மை உள்ளே இழுத்து முட்ட வைத்து மூன்று நான்கு விநாடி மட்டும் பிடித்துப் படியுங்கள். பைலட் 40-ஐ ஒட்டி நிற்க வேண்டும். அது 30-க்கு இறங்கினால் கண்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் (ஆயிலைத் திறந்துவிடும் தண்டு) முழுவதும் திறக்காது, பம்ப் நன்றாக இருந்தாலும் மெஷின் சோம்பும். எண்களை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு ரிலீஃப் லாக் நட்டின் மேல் பெயின்ட் கோடு ஒன்று போட்டுப் போட்டோ எடுத்து வையுங்கள். கோடு விலகினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பம்ப்புக்குள் என்ன இருந்தது? இது பரவலாகக் காணப்படும் கவாசாகி கே3வி112 வகை. 18 பிஸ்டனும் புதிது என்று பில். உள்ளே ஒரு பக்கம் ஒன்பது மட்டும் புதிது, அதுவும் டூப்ளிகேட், மறுபக்கம் பழையதே. பிஸ்டனுக்கும் துளைக்கும் இடைவெளி புதிதில் 0.04 மி.மீ. அளவு இருக்கும், 0.067-ஐ எட்டினால் மாற்ற வேண்டும். ஜாம் ஆன பிறகு அளந்தபோது பழைய பக்கத்தில் 0.09 இருந்தது. வால்வு பிளேட்டை எமரி பேப்பரில் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். அந்தத் தகட்டின் கடினப்பதம் மேல்தோலில் மட்டும்தான். ஆழமாகத் தேய்த்தால் அது போய்விடும், அதற்குப் பிறகு எத்தனை பளபளப்பும் சில வாரம்தான். பிஸ்டன் நுனியில் உள்ள ஷூக்களின் முகம் நீலம் பாரித்திருந்தது. பம்ப்பை மாட்டியதும் கேஸில் (பம்ப்பின் வெளிக்கூட்டில்) ஆயில் நிரப்பாமல் ஸ்டார்ட் செய்தால் முதல் நிமிடத்திலேயே ஷூ உலர்ந்து உரசி இப்படி நிறம் மாறும். டிரெயின் போர்ட் வழியாக ஆயில் வழியும்வரை ஊற்றி, ஏர் பிளீட் செய்து, லோ ஐட்லில் பத்து நிமிடம் எந்த லீவரையும் தொடாமல் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள், வீடியோ எடுங்கள்.

பிரித்து வைத்த நாளிலேயே போய்ப் பாருங்கள். பழைய பாகங்களில் எலெக்ட்ரிக் பென்சிலால் உங்கள் அடையாளம் போட்டு, முழுவதையும் திருப்பி வாங்கி வாருங்கள். பழையதைத் தர மறுத்தால் பழையது உள்ளேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆயில் கணக்கிலும் ஏமாற்று. 20 லிட்டர் வாளி 12, ஆக 240 லிட்டர் என்று பில். இந்த அளவு மெஷினில் டேங்க் மட்டும் 130 லிட்டர் சுற்று. மீதி சிலிண்டர்களிலும் ஹோஸ்களிலும் இருக்கும். டேங்க்கை மட்டும் இறக்கி நிரப்பினால் ஏழு வாளிதான் பிடிக்கும். மீதி ஐந்து வாளி பில்லில் மட்டும் ஓடியது, பழைய அழுக்கு ஆயில் சிலிண்டர்களில் அப்படியே நின்றது. வாளிகளை உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள். காலி வாளிகளை நீங்களே எடுத்து வந்து ஓட்டை போட்டுவிடுங்கள், பழைய ஆயிலை வடிகட்டி அதே வாளியில் விற்பவர்கள் இருக்கிறார்கள். டேங்க்கின் அடி மூடியையே அவர்கள் கழற்றவில்லை. சக்ஷன் ஸ்ட்ரெய்னரில் பனியன் வேஸ்ட் நூல் சுற்றியிருந்தது. ஹைட்ராலிக் டேங்க்குக்குள் பனியன் வேஸ்ட் போகவே கூடாது. ஒவ்வொரு நூலும் போய் நிற்கும் இடம் பைலட் வால்வின் சின்னத் துளைதான். நூல் உதிராத துணியால் துடைத்து, மூலையிலுள்ள வண்டலைப் பிசைந்த மாவில் ஒற்றி எடுப்பது பழைய, நல்ல முறை.

மெஷினில் பிரேக்கர் (பாறை உடைக்கும் கருவி) மாட்டி ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண மண் வேலைக்குச் சொல்லும் ஆயில் கணக்கு பிரேக்கருக்குப் பொருந்தாது. முழு நேரமும் பிரேக்கர் ஓடினால் ரிட்டர்ன் ஃபில்டரை 100 மணிக்கு ஒருமுறையும் ஆயிலை 600 மணிக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்லும் மேனுவல்கள் உண்டு. இதைச் சொல்லாமல் "ஐயாயிரம் மணி ஓடும் ஆயில்ங்க" என்று விற்பவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்.

பணத்தைத் திரும்பப் பெற முயற்சி நடக்கிறது. ஜிஎஸ்டி பில், லேப் அறிக்கை, பிரித்த இடத்தில் எடுத்த அளவுகள், போட்டோக்கள் இருப்பதால்தான் பேசவே முடிகிறது. வெறும் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி வாங்கியவர்களுக்கு அதுவும் இல்லை. சுயதொழிலாக ஒரே மெஷினை வைத்துப் பிழைப்பவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்; பல மெஷின் வைத்துத் தொழில் செய்பவர் வக்கீலிடம் போவதே நல்லது, வணிகப் பயன்பாடு என்ற தடை அங்கே வரும்.

பம்ப் வேலை ஏற்கெனவே முடிந்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், இன்றே ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றுங்கள். கூர்மையான கத்தியால் பேப்பரை அறுத்து விரியுங்கள். ஹேக்சா பிளேடு வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து உங்களைக் குழப்பும். மடிப்புகளை வெயிலில் பிரித்துப் பாருங்கள். கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் ஏதோ ஒரு சீல் போகிறது. காந்தத்தில் ஒட்டும் சில்லு என்றால் பேரிங் அல்லது பிஸ்டன். தங்கப் பொடி போல மினுக்கினால் பம்ப்பின் ஷூவோ சிலிண்டர் பிளாக்கோ தேய்கிறது. தங்கப் பொடியைப் பார்த்துவிட்டால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். டிரெய்லரில் ஏற்றுவதற்காக ஓட்டும் ஐந்து நிமிடத்தில்கூட அந்தத் தூள் கண்ட்ரோல் வால்வுக்குள் போகும். மெக்கானிக்கை மெஷின் நிற்கும் இடத்துக்கே வரவழைத்து, பம்ப்பை அங்கேயே இறக்குங்கள்.