க்ரீம் பீஃப் பாஸ்தாவுக்கு வார்ப்பிரும்பா, நான்ஸ்டிக்கா?

கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் குமுளியில் கடையை அடைத்துவிட்டு நான் வீட்டுக்கு வர இரவு எட்டரை ஆகிவிடும். அதற்கப்புறம் அரை மணி நேரத்தில் எது ஆகுமோ அதுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு. பெரும்பாலும் தோசை, மழைக்காலத்தில் கஞ்சி. மூன்று வருடத்துக்கு முன்னால் மூத்தவள் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, மாட்டிறைச்சியும் பாஸ்தாவும் க்ரீமும் ஒரே சட்டியில் செய்யலாமாம், அப்பா செய்யுங்க என்று நின்றாள். செய்தேன். பிடித்துப்போய்விட்டது, மாதம் இரண்டு தடவையாவது நடக்கிறது. முதல் ஒரு வருடம் நான்ஸ்டிக் பேனில், அதற்குப் பிறகு இன்றுவரை பத்து அங்குல வார்ப்பிரும்பு பேனில். இரண்டிலும் போதுமான அளவு சொதப்பியிருக்கிறேன் என்பதுதான் இதை எழுத எனக்குள்ள தகுதி. என் ஓட்டு வார்ப்பிரும்புக்கு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நான்ஸ்டிக் எடை குறைவு, சீக்கிரம் சூடாகும், கழுவ ஒரு நிமிடம். வார்ப்பிரும்பு இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், சூடாக ஐந்தாறு நிமிடம் ஆகும், கைப்பிடியும் சேர்ந்து சுடும், துணி இல்லாமல் தொட முடியாது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே எனக்கு ஆயிரத்துச் சொச்சத்தில்தான் கிடைத்தன.

வித்தியாசம் இறைச்சியைப் போடும் நொடியில் தொடங்குகிறது. இங்கே பீஃப் என்றால் பெரும்பாலும் போத்து, அதாவது எருமை. நார் கெட்டி. ஸ்டேக் மாதிரி சட்டென்று வறுத்து எடுக்க வேண்டுமானால் முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற கறிதான் வேண்டும், கடையில் அதற்கு அண்டர்கட் என்று பெயர். ஹோட்டல்காரர்கள் விடியற்காலையிலேயே சொல்லி வைத்துவிடுவதால் ஒன்பது மணிக்குப் போனால் "அண்டர்கட் தீர்ந்நு சேட்டா" என்பார் கறிக்கடைக்காரர். கிடைத்த அன்று முந்நூறு கிராம் வாங்கி, நாருக்குக் குறுக்கே விரல் கனத்துக்கு நறுக்கி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்து, உப்பு, மிளகு. அவ்வளவுதான் தயாரிப்பு.

இதை மெல்லிய நான்ஸ்டிக்கில் போட்டால் முதல் இரண்டு துண்டு "ஸ்ஸ்" என்கிறது, ஐந்தாவது துண்டு விழும்போது சத்தமே அடங்கிவிடுகிறது. மெல்லிய அலுமினியத்தில் சேமிப்புச் சூடு கிடையாது. குளிர்ந்த கறி அதை இறக்கிவிடும், கறி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே வேகும். வறுபடாது, சாம்பல் நிறத்தில் வேகும். சரி, தீயைக் கூட்டலாமே என்றால் அதற்கும் வழியில்லை, 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், வெறும் பேனைப் பெரிய தீயில் வைத்தால் சில நிமிடத்தில் அந்தச் சூட்டுக்குப் போய்விடும். நான் அப்படித்தான் ஒரு பேனைக் கெடுத்தேன், நடுவில் வட்டமாக வெளுத்து, அப்புறம் செதிலாக உரிந்தது.

வார்ப்பிரும்பில் தண்ணீர் சொட்டு உருண்டு ஓடும்வரை காயவிட்டு, கறியை இரண்டு தவணையாகப் போட்டு, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் தொடாமல் விட்டால் பழுப்பாகப் பிடித்து தானாகவே சட்டியை விட்டு வருகிறது. வராவிட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம், சுரண்டாதீர்கள். கறியை எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்குமே, அதுதான் இந்தச் சாப்பாட்டின் முழு ருசியும். அதிலேயே வெங்காயமும் எட்டுப் பல் பூண்டும் வதக்கி, அறுநூறு மில்லி தண்ணீர் ஊற்றிச் சுரண்டினால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். இருநூறு கிராம் பென்னே பாஸ்தாவை அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்க வேண்டும். வடிக்கக் கூடாது, மாவுச்சத்து இறங்கினால்தான் குழம்பு கெட்டியாகும். மலை உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் பாக்கெட்டில் போட்ட நேரத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் எனக்குக் கூடுதலாக ஆகிறது. நான்ஸ்டிக்கில் அடியில் எதுவும் ஒட்டாது. ஒட்டாமல் இருக்கத்தானே அதை வாங்குகிறோம், ஆனால் இந்தச் சமையலுக்கு அதுவே குறை.

க்ரீம் விஷயத்தில் நான்ஸ்டிக் ஜெயிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கடையில் கிடைக்கும் பாக்கெட் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், கொதிநிலையில் ஊற்றினால் திரிந்துவிடும். நான்ஸ்டிக் அடுப்பை அணைத்த உடனே ஆறுகிறது, வார்ப்பிரும்பு அணைத்த பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. முதல் தடவை எனக்குத் திரிந்து, மோர்க்குழம்பு மாதிரி துகள் துகளாக நின்றது. இப்போது அணைத்துவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்து, முதலில் இரண்டு கரண்டி சூடான தண்ணீரை க்ரீமில் கலந்து, அப்புறம் ஊற்றுகிறேன். கறியையும் அது விட்ட சாற்றையும் கடைசியில் சேர்க்க வேண்டும். தக்காளி, எலுமிச்சை இந்தப் பக்கமே வர வேண்டாம், க்ரீமுக்கும் ஆகாது, இரும்புக்கும் ஆகாது.

இனி எல்லோரும் பயப்படும் இடம், பராமரிப்பு. நான்ஸ்டிக்குக்குப் பராமரிப்பே கிடையாது, ஆனால் ஆயுளும் கிடையாது, பூச்சு போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். வார்ப்பிரும்பு தேய்ந்தாலும் துருப்பிடித்தாலும் எண்ணெய் தடவிச் சூடாக்கி மறுபடி பழக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பழக்கும் வேலையில்தான் நான் ஆறு மாதம் வழுக்கி விழுந்தேன், காரணம் எண்ணெய்.

எங்கள் வீட்டில் சமையலுக்குத் தேங்காய் எண்ணெய். எல்லை தாண்டி வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம், பக்கத்து வீட்டுச் சீனச்சட்டியிலும் அதுதான். அதனால் கழுவிய பேனுக்கும் அதையே தடவி வைத்தேன். கறுப்பாகப் பளபளக்க வேண்டிய சட்டி பிசுபிசுவென்று ஆனது, மார்கழிக் குளிரில் அதன்மேல் வெள்ளையாகப் படிந்து உறைந்தது, பாஸ்தா வேகும் பன்னிரண்டு நிமிடத்தில் அந்தப் பிசுக்கு கரைந்து க்ரீம் மங்கலான சாம்பல் நிறமானது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, ஆணியை நக்கின மாதிரி இருக்கு" என்றாள்.

இதன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. இரும்பின்மேல் படியும் அந்தக் கறுப்புத் தோல் வெறும் எண்ணெய்ப் பசை அல்ல, சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகி ஏறக்குறைய வார்னிஷ் மாதிரி ஆவது. பெயின்டில் ஆளி விதை எண்ணெய் காய்ந்து தோல் கட்டுகிறதே, அதே வேலை. தேங்காய் எண்ணெயில் சுமார் தொண்ணூறு சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அது சரியாக இறுகாது. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் இறுகும். ஊரில் அம்மா தோசைக்கல்லை நல்லெண்ணெய் தடவித்தான் பழக்குவாள், கீழே தமிழ்நாட்டில் இருக்கும் கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறி வருவதற்குள் அதை மறந்திருக்கிறேன் பாருங்கள்.

ஆகவே எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, நல்லெண்ணெயை ஒரு ஸ்பூன் ஊற்றிப் பூசி, பூசியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்து எடுத்து, புகை வந்து அடங்கும்வரை அடுப்பில் வைத்தேன். அதையே நாலு தடவை. துடைப்பதில் கஞ்சத்தனம் பார்த்தால் திட்டுத்திட்டாகப் பிசினாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு மாதம் வெறும் தோசையும் ஆம்லெட்டும்தான். புதுச்சட்டியில் முதல் வேலையாகத் தண்ணீர் கொதிக்கும் இந்தப் பாஸ்தாவைச் செய்யாதீர்கள், பழகாத தோல் கழன்றுவிடும்.

தினசரி வேலை என்றால் இவ்வளவுதான். மிச்சத்தை அன்றைக்கே வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும், க்ரீமை இரவு முழுக்க அதில் விட்டால் காலையில் இரும்பு வாடை. தேங்காய் நாரால் தேய்க்கலாம், கொஞ்சம் சோப்பு போட்டாலும் ஒன்றும் ஆகாது, ஊறப்போடுவதுதான் கூடாது. பவுடர் போட்டுக் கரகரவென்று தேய்ப்பதும் கூடாது. கழுவியதும் இரண்டு நிமிடம் அடுப்பில் வைத்து ஈரம் போகும்வரை காயவைத்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய். ஆனி ஆடியில் இங்கே சுவரே ஈரமாகத்தான் இருக்கும், அந்த மாதங்களில் துடைத்தால் போதும் என்று நினைத்து அலமாரியில் வைத்த ஒரு சட்டியில் காலையில் காவி நிறத்தில் துரு நின்றது. அடுப்பில் காயவைத்த நாட்களில் இதுவரை வரவில்லை. என்னுடையது பார்த்தது இரண்டு மழைக்காலம்தான், அதைத் தாண்டி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஸ்டீல் சட்டி எப்படி என்று கேட்பீர்கள். கனமான அடி உள்ள ஸ்டீலில் மச்சான் வீட்டில் இரண்டு தடவை செய்தேன், அடியில் அந்தப் பழுப்பு நன்றாகவே ஒட்டி வந்தது, க்ரீமும் நிறம் மாறவில்லை, துருப் பயமும் இல்லை. ஆனால் இரண்டு தடவையை வைத்து அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. குழிவான கடாய் மட்டும் வேண்டாம், கறி நடுவில் சரிந்து குவிந்து ஒன்றன்மேல் ஒன்று வேகும்.

போன மாதம் கம்பத்திலிருந்து மதினி வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, இந்தச் சட்டி எங்கே வாங்கினீர்கள் தம்பி என்று எழுந்துபோய் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டு மடங்கியது. மறுகையும் கொடுத்து மெதுவாக மேடையில் இறக்கி வைத்துவிட்டு, "இதைத் தினம் யாரு தூக்குறது தம்பி" என்றார். அவருக்கு நான்ஸ்டிக்தான் சரி.