பெயர் மாற்றும் பேட்ச் கோப்போடு நான்கு ஆண்டுகள்

தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர், கோப்புறைக்குள் கோப்புறையாகப் புகுந்து படங்களின் பெயரை மாற்றும் என் பேட்ச் கோப்பை (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து ஓட்டும் கோப்பு) அனுப்பும்படி சென்ற வாரம் கேட்டார். அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

பாளையங்கோட்டையில் எனக்குக் கல்யாணப் படம் எடுப்பதுதான் தொழில். இரண்டு கேமராக்களும் ஒரே எண்களைத் தருவதால், நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்த பிறகு ஒவ்வொரு படத்தின் பெயருக்கு முன்னும் அதன் கோப்புறைப் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மூவாயிரம் படங்களை, நான் ஒரு டீ குடித்து வருவதற்குள் இது முடித்துவிடும். தனியாக எதையும் வாங்க வேண்டியதுமில்லை.

என் கோபமெல்லாம், கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வேலையைச் செய்யும் ஃபார் கட்டளையின் மேல்தான். உள்கோப்புறைகளுக்குள்ளும் போகச் சொல்லும் ஸ்லாஷ் ஆர் சேர்த்து எழுதினால், அது முழுப் பட்டியலையும் எடுத்துக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குவதில்லை. கோப்புறையைப் படித்துக்கொண்டே மாற்றிக்கொண்டு போகிறது. பெயர் மாறிய படம் வரிசையில் பின்னுக்குப் போனால், அதைப் புதிய படமென்று எண்ணி மறுபடியும் பெயர் சேர்த்துவிடுகிறது. குறுக்குத்துறை முருகன் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு ஆல்பப் படம் தேர்ந்தெடுத்த பெண்ணின் தாய்மாமா, "தம்பி, முகூர்த்தம் முகூர்த்தம்னு ரெண்டு மட்டம் போட்டிருக்கு, ரெண்டாவது முகூர்த்தம் எப்பம் நடந்துச்சு?" என்று தொலைபேசியில் கேட்டார்.

கோப்புறையில் இருப்பதைக் காட்டும் டிர் கட்டளை தரும் பட்டியலை முழுவதும் வாங்கிக்கொண்டு ஓடும் ஃபார் ஸ்லாஷ் எஃப் முறைக்கு மாறினேன். இரட்டிப்பு நின்றது, ஆனால் பழைய முறை தடங்கலின்றிப் படித்த தமிழ்ப் பெயர்கள் அனைத்தும் கேள்விக்குறிகளாயின. முதல் வரியில், எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று சொல்லும் குறிமுறைப் பக்கத்தை யூனிகோடுக்கான 65001 என மாற்றிய பிறகே அவை மீண்டன. அதன் பின்னும், வாடிக்கையாளர் ஒருவர் 'வாழ்த்துகள்!' என்று வைத்திருந்த கோப்புறையில், ஆச்சரியக்குறியைத் தனிக் குறியீடாக எடுத்துக்கொள்ளும் தாமத விரிவாக்கம் என்ற வசதியை இயக்கியிருந்ததால் அந்தக் குறி விழுங்கப்பட்டு, ஒரு படமும் மாறவில்லை. இந்தக் கடைசிப் பிழை என்னுடையது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்; எக்ஸ்ப்ளோரரில் செய்வதுபோல் கண்ட்ரோல் இசட் அழுத்தி மீட்க முடியாத பெயர் மாற்றும் கட்டளைக்கு முன்னால், அதைச் செய்யாமல் திரையில் மட்டும் காட்டும் எக்கோ என்ற சொல்லைப் போட்டு, என்ன செய்யப்போகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளாததும் என் பிழைதான்.

நண்பருக்கு இது வேண்டாம், முன்னோட்டம் காட்டும் மைக்ரோசாஃப்டின் பெயர் மாற்றும் கருவியான பவர்ரீநேமை நிறுவிக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே ஆலங்குளத்துக் கல்யாணத்தின் 2,800 படங்கள் வந்தன. எக்கோ போட்டு ஒரு முறை பார்த்துவிட்டு, அதே பேட்ச் கோப்பைத்தான் ஓட்டினேன்.