வலையைக் காட்டிச் சட்டத்தில் ஏமாற்றிவிட்டார்கள்

கல்கிசையில், காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு நீச்சல் தடாகத்துக்கு மேல் பெப்ரவரியில் ஒரு வலைக்கூடு அடித்தோம். மே மாசக் கடைசிக் காற்றுக்கு அது சரிந்துவிட்டது. இப்போது ஒரு பக்கத்தை நைலோன் கயிற்றால் மாமரத்தில் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். இப்படி ஒன்று அடிக்கிற யோசனையில் இருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்க முதல் இதை வாசித்துவிடுங்கள்.

தடாகம் பெரிசில்லை, 24 அடிக்கு 12 அடி. மேல்மாடியில் இரண்டு அறையை வெளிநாட்டு ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். மாவிலை, காக்கை எச்சம், பின்னேரமானால் நுளம்பு. கனடாவில் இருக்கிற அண்ணா ஃபுளோரிடாவுக்குப் போய் வந்தவர். "அங்க நிறைய வீட்டில அலுமினியச் சட்டத்தில வலை அடிச்சுத் தடாகத்தை மூடியிருக்கினம், நீயும் செய், காசு நான் அனுப்புறன்" என்றார்.

வேலைக்கு வந்தவர் நல்ல பேச்சுக்காரர். பை நிறைய வலைத் துண்டு. "இது 18க்கு 14 அக்கா, ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 இழை, மற்றப் பக்கம் 14. நுளம்பு தலையைக்கூட நுழைக்க ஏலாது" என்று பேனையால் குத்திக் காட்டினார். அரை மணித்தியாலமும் வலைக் கதைதான். நானும் வலையைத்தான் தடவித் தடவிப் பார்த்தேன். சட்டத்தைப் பற்றிக் கொட்டேஷனில் ஒரே வரி: "முழுவதும் அலுமினியம், 2 மி.மீ." மொத்தம் 9 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய், 60 வீதம் முற்பணம். சட்டம் எழும்பின உடனே, வலை பூட்ட முதலே மிச்சத்தையும் கேட்டார். கொடுத்தேன். அதை நினைத்தால் இப்பவும் என்மேல் எனக்கே ஆத்திரம்.

வலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரிந்த சட்டத்திலும் கிழியாமல் தொங்குகிறது.

முதல் அறிகுறி ஏப்ரலில் வந்தது. கூடு வீட்டுச் சுவரோடு சேருகிற இடத்தில் ஒரு பீலி ஓடும். வீட்டுக் கூரைத் தண்ணீர் அதில் விழும். கூட்டின் மேற்சட்டங்களின் ஒரு முனையையும் அதுதான் தாங்கும். ஆகவே தடிப்பான பீலியாக இருக்க வேண்டும், வாட்டமும் வேண்டும். எங்களுக்குப் பூட்டியிருந்தது சாதாரணக் கூரைப் பீலி, அதுவும் வாட்டமே இல்லாமல். டெங்குச் சோதனைக்கு வந்த பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஏணி கேட்டு ஏறி, டோர்ச் அடித்துப் பார்த்து, ஒரு கரண்டித் தண்ணீரை அள்ளிக்கொண்டு இறங்கினார். வெள்ளைக் கிண்ணத்தில் குடம்பிகள் நெளிந்தன. நுளம்புக்குப் பயந்து அடித்த கூட்டிலேயே நுளம்பு வளர்த்திருக்கிறோம்! கூடு அடித்தவருக்கு போன் எடுத்தால், "மழை விட்டாக் காஞ்சிடும் அக்கா" என்றார்.

காற்றடித்த அன்று இரவு பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. விடியப் போய்ப் பார்த்தால் கடல் பக்கத்து வரிசை முழுவதும் உள்ளே சாய்ந்து நிற்கிறது. ஒரு தூணைப் பிடித்து ஆட்டினேன், ஆடுகிற பல் மாதிரி ஆடியது. கொஞ்சம் தூக்கினால் அடித்தட்டு, ஸ்க்ரூ, பிளாஸ்டிக் ரோல்பிளக், அதோடு ஒட்டின மாபிள் துண்டு எல்லாம் ஒன்றாகக் கையோடு வந்துவிட்டன. மாபிளையும் அதன் கீழ்ச் சாந்தையும் தாண்டிக் கொங்கிறீற்றுக்குள் இறங்க வேண்டிய அங்கர் போல்ட் ஒன்றுகூட இல்லை.

மகன் ஏ.எல். பௌதிகவியல் படிக்கிறான். வேணியர் இடுக்கியை எடுத்து வந்து சட்டத்தின் வெட்டுமுனையில் வைத்தான். 1.1 மி.மீ. பிறகு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. எங்கள் மூலைத் தூண் நாலில் இரண்டில் 'டக்' என்று ஒட்டியது. இரும்பு பொக்ஸ் பாருக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். ஸ்க்ரூத் தலைகளிலும் அப்படியே. நாகம் பூசின இரும்பு ஸ்க்ரூ. உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் சின்ன பற்றரி மாதிரி வேலை செய்யும் என்றான் மகன். நாகப்பூச்சு போனதும் இரும்பு துருப்பிடிக்கும், பக்கத்து அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். நாலு மாதம்கூட ஆகவில்லை, சில ஓட்டைகளைச் சுற்றி அந்த மாவு ஏற்கெனவே இருந்தது. கடற்கரைக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கேட்டு வாங்க வேண்டும். அதில் காந்தம் அநேகமாகப் பிடிக்காது.

திருத்த முடியுமா என்று பார்க்க வந்த தெஹிவளைப் பாஸ், சுற்றிவர நடந்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இழுவைக் கம்பி எங்க மிஸ்?" வலை காற்றைப் பிடிக்குமாம். அதனால் பக்கச் சுவர்களில் மூலைக்கு மூலை ஸ்டெயின்லெஸ் கம்பிக்கயிறு இழுப்பார்கள், அல்லது சாய்வுச் சட்டம் கொடுப்பார்கள். தூண்களுக்கு நடுவில் இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டமும் ஓடும். மேலே பர்லின் என்கிற குறுக்குச் சட்டங்கள் இருக்கும். எங்களுக்குப் பர்லின் மட்டும் இருந்தது, அதுவும் ஒன்று விட்டு ஒன்று.

ஃபுளோரிடாவில் புயல் வருகிறதென்றால் சிலர் வலைத் துண்டுகளை வெட்டிவிடுவார்களாம். காற்று வழிந்து போகட்டும், சட்டம் தப்பட்டும் என்று. எங்களுடையதற்குப் புயல் தேவைப்படவில்லை.

இப்போது கூடு அடித்தவருடைய பதில், "இயற்கை அனர்த்தத்துக்கு நாங்க பொறுப்பில்ல." கொட்டேஷனில் 2 மி.மீ. என்று எழுதி அவரே கையெழுத்து வைத்த தாள் என்னிடம் இருக்கிறது. காந்தம் ஒட்டின தூணின் படத்தையும் சேர்த்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இங்கே பெயர் போடவில்லை.

ஆனால் அவர்கள் இன்னும் ஆட்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற விளம்பரப் படம் ஒன்று இருக்கிறது. நீலத் தண்ணீர், பளபளக்கிற வெள்ளைச் சட்டம், இடப்பக்க மூலையில் ஒரு மாங்கிளை. பெப்ரவரியில், வேலை முடிந்த அன்றே எடுத்தது. அது எங்கள் வீடு.