விசேஷ டிவிடி வாங்கும்போது ஜாக்கிரதை: எழுதியவனுடைய கம்ப்யூட்டரில் எல்லா டிஸ்க்கும் ஓடும்

கல்யாணம், காதுகுத்து என்று வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. ஸ்டுடியோக்காரர் தன் கம்ப்யூட்டரிலேயே டிஸ்க்கைப் போட்டு, "பாருங்க சார், எல்லாம் இருக்கு" என்று காட்டினால், அதை நம்பி மிச்சப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்று வீடியோவுக்கு ஒரு டிவிடி, போட்டோவுக்கு ஒரு டிவிடி தந்தது. வீடியோ டிஸ்க்கை வீட்டு பிளேயர் ஏற்கவே இல்லை. தம்பியின் கம்ப்யூட்டரில் காலி டிஸ்க் என்று காட்டியது. போய்க் கேட்டால் முதலில் "உங்க பிளேயர்ல லென்ஸ் போயிருக்கும்" என்றார்கள். அப்புறம் "வைரஸ்" என்றார்கள். கடைசியில் "ரெக்கவரி பண்ணணும் சார், 2,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். தாங்கள் எழுதிய டிஸ்க்கைத் தாங்களே மீட்டுத் தர ஒரு கட்டணம்!

அவர்கள் தந்த டிவிடி-ஆர் வகை டிஸ்க் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடியது. வைரஸ் வந்து அதை அழிக்க முடியாது. உண்மைக் காரணம் வேறு. எழுதி முடித்ததும் டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்து மூட வேண்டும். பின்னால் இன்னும் சேர்க்கலாம் என்று திறந்தே விட்டால், எழுதிய டிரைவ் படித்துவிடும். வீட்டு பிளேயருக்கும் படிக்க மட்டுமே தெரிந்த டிரைவுக்கும் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெரியாது. டிவிடி ரைட்டர் வைத்திருந்த நண்பர் 'இம்ஜ்பர்ன்' என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் டிஸ்க்கை மூடிக் கொடுத்தார். வீடியோ ஓடியது. செலவு ஒரு டீ.

போட்டோ டிஸ்க்தான் வயிற்றெரிச்சல். திறந்தால் எல்லா ஃபோல்டரும் பெயரோடு வரிசையாகத் தெரியும். காப்பி போட்டால் முக்கால்வாசியில் நின்று 'சைக்ளிக் ரிடண்டன்சி' பிழை, அதாவது தகவலைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்ற செய்தி, வரும். டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கி எழுதப்படுவது. கோப்புப் பட்டியல் பெரும்பாலும் உள்பக்கமே இருக்கும். அதனால் பட்டியல் தெரிகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மட்டமான டிஸ்க்கில் அவசர வேகத்தில் எழுதினால் வெளிவிளிம்பில்தான் முதலில் அடிவாங்கும். போதாக்குறைக்கு மேலே அப்பா அம்மா படம் போட்ட பளபள ஸ்டிக்கர். அது கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தாலும் சுழலும்போது டிஸ்க் ஆடும். அதைப் பிய்க்கவும் கூடாது. சிடியாக இருந்தால் தகவல் அடுக்கே ஸ்டிக்கரோடு உரிந்து வந்துவிடும்.

வேறு வேறு டிரைவில் போட்டுப் பார்த்து, பழுதான டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் 'டிடிரெஸ்க்யூ' மென்பொருளை வைத்து விட்டு விட்டுப் படிக்கவிட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. மாலை மாற்றிய படங்கள் கிடைக்கவில்லை. ஸ்டுடியோவில் மெமரி கார்டை அழித்தாகிவிட்டதாம், கம்ப்யூட்டரில் இருந்ததையும்தான். பணம் திரும்பத் தர மறுத்துவிட்டார்கள்.

எனவே டிஸ்க்கை வாங்கியதும் வேறொரு கம்ப்யூட்டரில் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். கடைசிக் கோப்பு வரை வந்த பிறகுதான் பாக்கிப் பணம். எழுதும்போது 'வெரிஃபை' (எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது) போடச் சொல்லுங்கள், வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், ஸ்டிக்கர் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சரி என்று சொல்லும் வரை மூலக் கோப்புகளை அழிக்கக் கூடாது என்பதை அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே ஒரு பென் டிரைவிலும் கேளுங்கள்; தயங்கினால் வேறு ஸ்டுடியோ பாருங்கள்.